சரியாமல் பிடிக்கத் தேவையான விசை

ஜூன் 3

போனை எடுக்காத அக்காவுக்கு,

கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். கிழித்துப் போடலாம், அது உன் இஷ்டம். ஆனால் கிழிப்பதற்கு முன் படித்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா?

விசாரணையின் முதல் நாள் முடிந்தது. 'படகைக் கயிற்றால் இழுக்கும் வின்ச்சை இயக்குபவர் நேரத்துக்கு முன்பே பிரேக்கை விட்டதால் படகு சாய்தளத்தில் பின்னோக்கிச் சரிந்து, கட்டை வைப்பவர் நசுங்கி இறந்தார்' என்று உங்கள் கம்பெனிக்காரர் வாசித்தார். என் வீட்டுக்காரர் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. படகுப் பட்டறையில் இவருக்கு நங்கூரம் என்று பேர் வைத்தது சரிதான். போட்ட இடத்திலேயே கிடக்கிறார். வீட்டுக்கு வந்தும் அதே கதைதான். நாற்காலியில் உட்கார்ந்து வலது உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறார், படுக்கச் சொன்னால் படுக்கிறார். "நீங்க பிரேக்கை விட்டீங்களா?" என்று கேட்டேன். "தெரியல" என்றார். இத்தனை வருஷம் அந்தக் கைப்பிடியைப் பிடித்த மனுஷனுக்கு, பிடித்தோமா விட்டோமா என்று தெரியவில்லையாம்.

இறந்தவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். நீ எங்கள் வீட்டுப் படி ஏறியதே இல்லை, அதனால் உனக்குத் தெரிந்திருக்காது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். படகு ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அதன் பின்னால் கட்டை செருகுவது அவர் வேலை. எல்லோருக்கும் அவர் கட்டைக்காரர். அவர் மனைவி தையல்காரி. அந்த மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் நான் விடைத்தாள் திருத்துவேன். இப்போது அந்தச் சத்தம் இல்லை. என் பள்ளிக்கூடப் பையைத் தைக்கக் கொடுத்திருந்தேன். போய்க் கேட்க எனக்குக் கால் வரவில்லை.

அந்தச் சாய்தளத்துக்குத் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவள் நீ. அதனால் உன்னிடம் கேட்கிறேன். படகின் எடை, சரிவு, மோட்டார் எவ்வளவு இழுக்கும், பிரேக் எவ்வளவு தாங்கும், எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவளுக்கு ஒரு சாய்தளக் கணக்குப் போடத் தெரியாதா? கை விட்டதால் போன படகா, கை பிடித்தும் நிற்காத படகா? இரண்டில் ஒன்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். விட்டிருந்தால், விட்டீர்கள் என்றே அவரிடம் சொல்லிவிடுவேன். இந்தத் 'தெரியல'வை வைத்துக்கொண்டு அவர் ரொம்ப நாள் உயிரோடு இருக்க மாட்டார், அக்கா. அதுதான் எனக்குப் பயம்.

தங்கை


ஜூன் 11

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விசாரணை நடக்கும்போது இவற்றை நான் வெளியே எழுதக் கூடாது. ஆனாலும் கூடப் பிறந்தவள் கேட்டுவிட்டாய்.

படகும் அதைத் தாங்கும் சட்டமும் சேர்ந்து இருபது டன். பட்டறைக்கு இதுவரை வந்ததிலேயே பெரியது. சாய்தளம் ஐந்தடி நீளத்துக்கு ஓரடி உயர்கிறது. ஆகவே படகு தன் எடையால் கீழே இழுப்பது நான்கு டன். சட்டத்தின் முன்பக்கம் ஒரு கப்பி இருக்கிறது, படகோடு சேர்ந்து நகரும் கப்பி. கயிற்றின் ஒரு நுனி மேலே தூணில் கட்டியிருக்கிறது, மறு நுனி கப்பியைச் சுற்றிக்கொண்டு வின்ச்சுக்குப் போகிறது. அதனால் கயிற்றை ஒரு பங்கு இழுத்தால் படகுக்கு இரண்டு பங்கு கிடைக்கும். மோட்டார் கயிற்றை இரண்டரை டன் இழுக்கும், அதாவது படகுக்கு ஐந்து டன். பிரேக் கயிற்றில் ஒன்றரை டன் தாங்கும், அதாவது படகுக்கு மூன்று டன்.

இனி நீயே பார். கீழே இழுப்பது நான்கு டன். சாய்தளத்துப் பலகைக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள உராய்வு அதில் இரண்டு டன்னைத் தடுத்துக்கொள்ளும். பிரேக் பிடிக்கவேண்டியது மீதி இரண்டு டன்தான். அது மூன்று தாங்கும். கைப்பிடியில் கை இருந்திருந்தால் படகு நின்றிருக்கும். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

நான் அவரைத் திட்டவில்லை. மனிதக் கை, ஒரு நொடி தளர்ந்திருக்கலாம். 'கை தவறிவிட்டது' என்று அவர் எழுதிக் கொடுத்தால் பெரிதாக்காமல் முடித்துக்கொள்ளலாம் என்று எனக்கு மேலே இருப்பவர்கள் சொல்கிறார்கள். வேலை போகும். அதற்கு மேல் போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

படி ஏறவில்லை என்று குத்திக் காட்டியிருக்கிறாய். உன் கல்யாணத்தின்போது நான் அவரைப் பற்றிச் சொன்னதை நீ மறக்கவே இல்லை. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான் என்பதை மட்டும் மறந்துவிட்டாய். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 19

அக்காவுக்கு,

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். உன் விடைதான் வந்தது. "பிடிச்சிருந்தா நின்னிருக்கும்" என்று அவரிடம் சொல்ல வாய்வரை வந்துவிட்டது. சொல்லாமல் விட்டது யார் செய்த புண்ணியமோ.

மேலே இழுக்கும் (அ)வைப் போடாமல் பிடித்து நிறுத்தும் (ஆ)வுக்குப் போய்விட்டோமே என்று பழக்கதோஷத்தில் அதையும் போட்டேன். இந்தப் படகை மேலே இழுக்க எவ்வளவு வேண்டும்? ஏறும்போது உராய்வு நமக்கு எதிரி. நான்கோடு இரண்டைக் கூட்டினால் ஆறு டன். உன் மோட்டார் ஐந்துதான் இழுக்கும். அப்படியானால் அந்தப் படகு தண்ணீரை விட்டு வெளியே வந்தே இருக்காதே! வந்தது. பாதிச் சாய்தளம்வரை ஏறியது. ஏறியதால்தானே விழுந்தது.

"பலகையில என்ன தடவுவீங்க?" என்று இவரிடம் கேட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு முகத்தைத் தூக்கினார். "முன்ன எல்லாம் மாட்டுக் கொழுப்புதான். இந்தப் பெரிய படகு வருதுன்னு ஆபீஸ்ல இருந்து புது கிரீஸ் அனுப்பினாங்க. கால் வச்சா ஆளே வழுக்கிடுவான்" என்றார். மறுநாள் நான் கேட்காமலேயே வெளியே போய், பட்டறைக்குப் பின்னால் கழித்துப்போட்ட பலகை ஒன்று, சட்டத்தின் அடிக்கட்டையில் ஒரு துண்டு, பழைய கொழுப்பு கொஞ்சம், டப்பாவின் அடியில் மிஞ்சிய கிரீஸ், எல்லாவற்றையும் கொண்டுவந்து சமையலறை மேஜையில் வைத்தார். வகுப்பில் செய்வதைத்தான் செய்தேன். பலகைமேல் கட்டையை வைத்து ஒரு முனையை மெதுவாகத் தூக்குவது. எந்த உயரத்தில் வழுக்குகிறது என்று பார்த்தால் உராய்வு தெரிந்துவிடும். ஒரு மீட்டர் பலகை. கொழுப்பு தடவினால் பத்து சென்டிமீட்டர் தூக்கும்வரை கட்டை நின்றது. உன் இரண்டு டன் அதுதான். கிரீஸ் தடவினால் இரண்டரை சென்டிமீட்டரிலேயே கிளம்பிவிட்டது. அது அரை டன்.

இப்போது போடு. ஏற்றுவதற்கு நான்கும் அரையும் நாலரை. மோட்டார் ஐந்து. ஏறும். சரியாமல் பிடிக்க நான்கில் அரை போக மூன்றரை. பிரேக் மூன்று. பிடிக்காது. இவர் கை இரும்பாக இருந்திருந்தாலும் பிடிக்காது.

சின்ன வயசில் ஒரே மேஜையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் போடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? சாய்தளக் கணக்கு என்றால் (அ) மேலே இழுக்கத் தேவையான விசை, (ஆ) கீழே சரியாமல் பிடிக்கத் தேவையான விசை. நீ (அ)வை முத்து முத்தாகப் போட்டு அடிக்கோடு இழுப்பாய். (ஆ)வுக்கு நேரே 'இதேபோல்' என்று எழுதிவிட்டு விளையாடப் போய்விடுவாய். உன் கையெழுத்தைப் பார்த்தே முழு மார்க் போட்டுவிடுவார்கள்.

அந்தக் கிரீஸை எழுதி அனுப்பியது யார், அக்கா? நீயா? (ஆ)வைப் போட்டாயா, இல்லை 'இதேபோல்' என்று எழுந்து போய்விட்டாயா?

ஜூலை எட்டாம் தேதி அடுத்த விசாரணை. நீ வந்து இதைச் சொல்ல வேண்டும்.

தங்கை


ஜூன் 24

உனக்கு,

சமையலறை மேஜையில் ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு எனக்குத் தீர்ப்பு எழுதுகிறாய். டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கிரீஸ்! அதில் மண் இருந்ததா, தண்ணீர் இருந்ததா, யார் கண்டது? கப்பியிலும் உராய்வு உண்டே, அதைக் கணக்கில் சேர்த்தாயா? பள்ளிக்கூடக் கணக்கில் கயிற்றுக்கு எடை கிடையாது, கப்பி தேயாது, மனிதனுக்குக் கை நடுங்காது. பட்டறை அப்படி இல்லை.

கேட்பது என்னவென்று தெரிந்துதான் கேட்கிறாயா? உன் புருஷனைக் கூண்டிலிருந்து இறக்கி அந்த இடத்தில் என்னை நிற்கச் சொல்கிறாய். இந்த நாற்காலிக்கு வர நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. ஒரே ஒரு தப்புக்காக வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறார்கள். அவருக்கு இது போனால் இன்னொரு வேலை. எனக்கு இது போனால் ஒன்றும் இல்லை.

அவர் கையெழுத்துப் போடட்டும். அதுதான் எல்லோருக்கும் நல்லது. இனி இதைப் பற்றி எழுதாதே.

அக்கா


ஜூன் 27

தங்கச்சி,

அதை அனுப்பியிருக்கக் கூடாது. பெட்டியில் போட்ட கடிதத்தைத் திரும்ப எடுக்க முடியுமா என்று தபால் நிலையத்தில் போய்க் கேட்டேன். சிரித்தார்கள்.

(ஆ)வைப் போட்டுவிட்டேன். ஆபீஸில் போடப் பயமாக இருந்தது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து ஒரு விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் போட்டேன். மூன்றரை. என்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கப்பியின் உராய்வையும் சேர்த்துப் பார்த்தேன். மூன்றே காலுக்கு இறங்கியது. அதற்குக் கீழே வரமாட்டேன் என்கிறது.

கிரீஸை அனுப்பியது நான்தான். பெரிய மோட்டார் கேட்டேன், இருப்பதை வைத்துச் சமாளி என்றார்கள். உராய்வைக் குறைத்தால் அதே மோட்டார் போதும் என்று கண்டுபிடித்த அன்று எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? மீட்டிங்கில் கை தட்டினார்கள். பிரேக் பழைய வரைபடத்தில் இருந்தபடியே இருந்தது. இவ்வளவு நாள் பிடித்தது, இனியும் பிடிக்கும் என்று இருந்துவிட்டேன். படகைப் பிடித்துக்கொண்டிருந்ததில் பாதி உராய்வு. அதை வழித்துப் போட்டவள் நான். பிறகு உனக்குக் கணக்கு அனுப்பியபோதும் பழைய இரண்டு டன்னைத்தான் எழுதினேன். அதைத் தெரிந்தே எழுதினேனா என்று கேட்காதே. நானே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆமாம், 'இதேபோல்'தான்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆகிவிடக் கூடாது. எட்டாம் தேதி வருகிறேன். எல்லாவற்றையும் சொல்கிறேன். அதுவரை அவரைக் கையெழுத்துப் போட விடாதே. காலைப் பிடித்தாவது நிறுத்து. என் 24ஆம் தேதிக் கடிதம் வந்தால் படிக்காமல் அடுப்பில் போடு.

அக்கா


ஜூலை 2

அக்கா,

உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாக வந்தன. நான் முதலில் பிரித்தது 24ஆம் தேதிக் கடிதத்தை. ஆத்திரத்தில் சத்தமாக வாசித்துவிட்டேன். 'அவர் கையெழுத்துப் போடட்டும், அதுதான் எல்லோருக்கும் நல்லது' என்ற இடத்தில் அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். கடைக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். அழுது முடித்து, இரண்டாவது கடிதத்தைப் பிரித்துப் படித்ததும் செருப்புகூடப் போடாமல் ஓடினேன். பட்டறை வாசலில் எதிரே வந்தார். போட்டாயிற்று. 'கை தவறிவிட்டது.'

தெருவிலேயே நிற்கவைத்துச் சண்டை போட்டேன். "மூணு தாங்குற பிரேக்கு மூணரையை எப்படிப் பிடிக்கும்? அக்காவே ஒத்துக்கிட்டா. எதுக்குப் போட்டீங்க?" அப்போதுதான் வாயைத் திறந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கணக்கு சரிதான். நான் விடலைன்னு எனக்கே இப்பதான் தெரியுது. ஆனா நீ கேக்காத ஒண்ணு இருக்கு. படகை நிறுத்தினதும் கட்டைக்காரர் நேரா பின்னாடி போயிட மாட்டாரு. திரும்பி என் மூஞ்சியப் பாப்பாரு. நான் தலையாட்டினாதான் கட்டையைத் தூக்கிட்டுப் போவாரு. அதுதான் எங்க வழக்கம். படகு பாதி தண்ணியில இருந்தவரைக்கும் பிரேக்கு கல்லு மாதிரி நின்னுச்சு. தண்ணிய விட்டு முழுசா வெளிய வந்து நிறுத்தினப்ப கைப்பிடி லேசா நடுங்குச்சு. அவருக்கும் என்னவோ பட்டிருக்கு. 'என்னப்பா, பிடிக்குதா?'ன்னாரு. 'அக்கா போட்ட கணக்கு, பிடிக்கும், போங்க'ன்னு தலையாட்டினேன். போனாரு."

சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

நீ அவரை என்னவாக நினைத்தாய் என்று எனக்குத் தெரியும். 'ஒன்றுக்கும் உதவாத ஆள்' என்று கல்யாணப் பந்தலில் எல்லோர் காதிலும் விழச் சொன்னாயே. அவர் உன்னை என்னவாக நினைத்திருந்தார் என்று இப்போது தெரிந்துகொள். எட்டாம் தேதி தவறாமல் வா. அந்தக் கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியுமா பார்.

தங்கை


ஜூலை 12

தங்கச்சி,

உங்களை உள்ளே விடவில்லை. நீங்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முடிந்ததும் பின் வாசல் வழியாகப் போய்விட்டேன். அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பு இல்லை.

சொன்னேன். கரும்பலகை கேட்டு வாங்கி (அ), (ஆ) இரண்டையும் ஒரு வரி விடாமல் எழுதினேன். கிரீஸை அனுப்பியது நான், பிரேக்கை மாற்றாமல் விட்டது நான் என்று சொன்னேன். விசாரணைக் குழுத் தலைவர் பொறுமையாகக் கேட்டார். "கணக்கு சரியாத்தான் இருக்கும்மா. ஆனா கை தவறிடுச்சுன்னு அந்த மனுஷனே எழுதிக் கொடுத்திருக்காரே. பொய்யின்னு சொல்றீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்க யாராவது பொய் சொல்வாங்களா?" என்றார். பக்கத்தில் இருந்தவர் தாளைப் புரட்டிவிட்டு, "உங்க தங்கச்சி புருஷன், இல்லையா?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் சொன்னதெல்லாம் உறவுக்காகச் சொன்னதாகிவிட்டது.

கையெழுத்து நிற்கும். கவனக்குறைவால் உயிர் போனதாக அவர்மேல் வழக்கு நடக்கும். பிரேக்கைப் பற்றி 'மேம்படுத்தலாம்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். என்னைக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பக் கூப்பிடுகிற ஓய்வு இல்லை அது. அதற்காக நான் அழவில்லை. 'அதற்கு மேல் போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று உனக்கு எழுதினேனே, அதை நினைத்துத்தான் அழுதேன்.

'அக்கா போட்ட கணக்கு, பிடிக்கும், போங்க.' பல் தேய்க்கும்போதும் இதுதான் கேட்கிறது. அவர் என்னைப் பற்றிக் கோபமாக ஏதாவது சொன்னாரா? சொல்லியிருந்தால் மறைக்காமல் எழுது. எனக்கு அது வேண்டும்.

அக்கா


ஜூலை 21

அக்கா,

கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்த்துப் பார்த்துவிட்டேன்.

திங்கட்கிழமை வழக்கு. சிறை நிச்சயம், எவ்வளவு நாள் என்பதுதான் பேச்சு என்கிறார் வக்கீல். போவதற்கு முன் (ஆ)வைச் சொல்லிக்கொடு என்று இவர் கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். தானே போட்டார். மூன்றரை என்று வந்ததும் உன்னைப் போலவே அடிக்கோடு இழுத்தார். "இவ்வளவு சின்னதா இருக்கு" என்றார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நேற்று பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். கையில் தைத்து முடித்த என் பை. "என்னவோ கணக்கு இருக்காமே, பட்டறையில பேசிக்கிறாங்க. எனக்குக் காட்டு" என்றாள். மேஜைமேல் பலகை அப்படியேதான் கிடந்தது. கிரீஸ் தடவி, கட்டையை வைத்து, முனையைத் தூக்கினேன். வழுக்கி வந்தது. "அவரு எங்க நின்னாரு?" என்றாள். கட்டைக்குக் கீழே காட்டினேன். நான் கட்டையைத் திரும்ப மேலே வைத்ததும் அந்த இடத்தில் தன் விரலை வைத்தாள். "இப்பத் தூக்கு" என்றாள். மாட்டேன் என்றேன். "தூக்குன்னு சொல்றேன்ல" என்றாள். தூக்கினேன். கட்டை வந்து அவள் விரலில் இடித்து நின்றது. அவள் விரலை எடுக்கவில்லை.

இவர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். 'அக்கா போட்ட கணக்கு' என்று சொல்லித் தலையாட்டியதை அவரே அவளிடம் சொன்னார். அவள் திட்டுவாள், அடிப்பாள் என்று நான் நடுவில் போய் நின்றேன். அவளோ என் பக்கம் திரும்பி, "அந்த அக்காவை ஒரு தடவை இங்க வரச் சொல்லு. அவங்களும் விரல் வச்சுப் பாக்கட்டும்" என்றாள். கையில் இருந்த கிரீஸைக்கூடத் துடைக்காமல் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓட ஆரம்பித்தது.

பலகையை எடுத்து வைக்கவில்லை. எப்போது வருகிறாய்?

தங்கை